மிளகாய்க் கட்டுரை

வெளிநாட்டு மிளகாயை நாட்டுக்குள் விடத்தான் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதிய மிளகாய்த் தோட்டக்காரர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவரைத் தேடிப்பிடித்துத்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள்.

என் கணவர் சோமசேகரம் அந்தக் கட்டுரையை எழுதியது எழுபத்து நாலில். அப்போது இறக்குமதிக்குத் தடை. எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் காயவைத்த செத்தல் மிளகாய்க்குப் பொன் விலை. ஊரில் கல்வீடுகள் எழும்பின. எல்லாரும் சந்தோஷமாக இருக்க, இவருக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

"தெற்கிலை ஒரு தாய் நாலு செத்தலை எண்ணி வாங்குறாள். அவளின்ரை கறிச்சட்டியிலை இருந்துதான் எங்கடை வீட்டுக்குச் சீமெந்து வருது," என்பார். இதையேதான் கட்டுரையாக எழுதி, யாழ்ப்பாணத்தில் வாரப் பத்திரிகை நடத்திய சீவரத்தினத்திடம் கொடுத்தார்.

பத்திரிகைக்கு வேண்டிய கடதாசியை அரசாங்கம் அளந்து கொடுத்த காலம் அது. "இதைப் போட்டால் அடுத்த மாசம் எனக்குக் கடதாசி வராது," என்று சீவரத்தினம் கட்டுரையை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கடதாசியை அளக்கிறவன் செய்தியையும் அளப்பான் என்று இவர் ஒரு மாதம் புலம்பினார். எனக்கோ நிம்மதி.

அரசாங்கம் மாறி, இறக்குமதித் தடையும் நீங்கியது. எழுபத்தெட்டில் சீவரத்தினத்துக்குப் பயம் போய்விட்டது. கட்டுரையைத் தூசு தட்டி எடுத்து, இவருடைய பெயரையும் ஊரையும் போட்டு அச்சடித்தார். அதற்குள் கப்பல் கப்பலாக மிளகாய் வந்து, எங்கள் விலை பாதியாக விழுந்திருந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல் இருந்தது ஊருக்கு.

அடுத்த நாளே ஆழ்வாப்பிள்ளை அண்ணை வந்தார். விவசாயிகள் சங்கத் தலைவர். நாலு குடும்பத்துக்குப் பங்கான கிணற்றில் அவருக்கும் ஒரு பங்கு. முறை வைத்து இறைப்போம். இறைக்கும் மெசின் அவருடையது. மண்ணெண்ணெய் நாங்கள் வாங்கினால் எங்கள் முறைக்கும் மெசினைத் தருவார்.

"தம்பி, வெளிநாட்டு மிளகாயை நிப்பாட்டச் சொல்லி அரசாங்கத்துக்குச் சங்கத்தாலை பெட்டிசம் போகுது. நீர் முதல் கையெழுத்துப் போட்டால் உந்தக் கட்டுரைக்கு மறுப்பாப் போகும்."

"மன்னியுங்கோ அண்ணை. எனக்கு லாபம் வரேக்கை தடை பிழையெண்டு எழுதினனான். நட்டம் வந்த உடனை சரியெண்டு சொல்லேலாது."

"அப்பிடியெண்டால் என்ரை மெசினும் உமக்கில்லை."

அவர் போனதும் நான் வாயில் வந்தபடி அவரைத் திட்டினேன். அதற்கும் இவர் விடவில்லை. "மெசின் அவரின்ரை. தாறதும் விடுறதும் அவரின்ரை விருப்பம். அதுக்கு ஏசக்கூடாது." பயிர் கருகும் நேரத்தில் இந்த நியாயத்தைக் கேட்டால் யாருக்குத்தான் பற்றி எரியாது?

கிணற்றடியில் பழைய ஏற்றத் துலா சும்மா நின்றது. மேலே இவர் ஏறி மிதிக்க, கீழே நான் ஓலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன். பொழுது சாயும் வரை இறைத்தும் பாதித் தோட்டம்கூட நனையவில்லை. இரண்டாம் முறைக்குள் வேலியோரப் பாத்திகள் வாடிவிட்டன. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மூன்று நாள் இவரோடு பேசவில்லை. இவருக்குக் கேட்கும்படி ஆட்டோடு பேசினேன்.

நாலாம் நாள் ஆழ்வாப்பிள்ளை அண்ணை திரும்ப வந்தார். இந்தமுறை என்னைத் தேடி.

"தங்கச்சி, பெட்டிசத்துக்குக் காணிச் சொந்தக்காரரின்ரை கையெழுத்துத்தான் வேணுமாம். ஊரிலை அரைவாசிக் காணி பொம்பிளையளின்ரை சீதனம். அது தெரியாமல் ஆம்பிளையளிட்டை வாங்கித் திரிஞ்சிட்டம்." வெட்கத்தோடு சிரித்தார். "நீ போடு. நாளைக்கே மெசின் உங்கடை முறைக்கு வரும்."

பத்துப் பரப்புத் தோட்டமும் என் சீதனம்தான். எனக்கே அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவரைக் கூப்பிட்டேன். சேற்றுக் காலோடு வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"காணி உம்மடை. உமக்குச் சரியெண்டால் போடும். நான் எழுதினதைப் பாக்காதையும்."

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தக் கோபத்திலேயே போட்டிருப்பேன். பாவி மனிதர் முழுவதையும் என் தலையில் வைத்துவிட்டார்.

பேனாவை வாங்கினேன். பெட்டிசத்தை மர வாங்கில் விரிப்பதற்காக ஆழ்வாப்பிள்ளை அண்ணை கக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியைக் கீழே வைத்தார். மேலே யப்பான் எழுத்து.

"இதென்ன அண்ணை?"

"மெசின் றிங். நேற்று உடைஞ்சு போச்சு. இண்டைக்குப் பெரியகடையிலை வாங்கிக்கொண்டு வாறன்."

"முந்தித் தடைக் காலத்திலை ஒருக்கா உடைஞ்சதே, அப்ப எவ்வளவு காலம் திரிஞ்சனீங்கள்?"

"ஏழு மாசம்! பேர்மிட் இல்லை, சாமான் இல்லை. அந்தமுறை என்ரை புகையிலை முழுக்கப் போச்சு." சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உதும் கப்பலிலைதானே அண்ணை வந்தது?"

"உது வேறை, தங்கச்சி."

"ஓம், வேறைதான். உது நீங்கள் வாங்கிற சாமான். மிளகாய் நீங்கள் விக்கிற சாமான்."

அவர் பெட்டியை எடுத்துத் திரும்பக் கக்கத்தில் வைத்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது. அவர் தோட்டத்திலும் மிளகாய்தான் நின்றது. பேனாவை மூடிக் கொடுத்தேன். மெசின் இல்லாவிட்டால் பாதிப் பயிர் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"என்னாலை ஏலாது அண்ணை. மெசினைத் தாறதும் விடுறதும் உங்கடை விருப்பம். ஏசமாட்டன்."

அவர் பெட்டிசத்தை மடித்துக்கொண்டு போனார். இவர் என்னைப் புதிதாகப் பெண் பார்க்க வந்தவர் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கிறியள்? நாளைக்கு எங்கடை முறை. வெள்ளன எழும்பித் துலாவிலை ஏறுங்கோ," என்று சொல்லிவிட்டு, கைக்குப் பூச நல்லெண்ணெய் எடுக்க உள்ளே போனேன்.