இடது கைக்குப் பத்தில் எட்டு

ஸ்வீடனின் லுண்ட் நகரில் எங்கள் பக்கவாத ஆய்வகத்து எலிகள் எல்லாம் மூன்று மாத வயது ஆண் எலிகள். ரத்தக் கொதிப்பு கிடையாது, சர்க்கரை நோய் கிடையாது. மூளைக்குப் போகும் ஒரு நாளத்தை நாங்களே நூலிழையால் அடைப்போம். பிறகு நல்ல முன்னங்காலைக் கட்டிவிட்டு, வாதம் தாக்கிய காலால் கண்ணாடிப் பிளவுக்கு அப்பால் இருக்கும் இனிப்பு உருண்டையை எடுக்கப் பழக்குவோம். பத்தில் எட்டு எடுத்துவிட்டால் ‘மீண்டது’ என்று எழுதுவேன். பதினெட்டு வருடம் அப்படித்தான் எழுதினேன்.

என் கணவர் தோர்கெலுக்கு அறுபத்தெட்டு வயது. அந்த இரண்டு நோயும் உண்டு. பிப்ரவரியில் சமையலறையில் விழுந்தார். நான் வேலையிலிருந்து திரும்பும்வரை ஐந்து மணி நேரம் தரையிலேயே கிடந்தார். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடது கை போனது.

சிகிச்சை இல்லத்தில் அவருடைய நல்ல கைக்குப் பனிக்காலக் கையுறையை மாட்டி மணிக்கட்டில் கட்டினேன். தட்டில் அவருக்குப் பிடித்த உப்பு அதிமதுர மிட்டாய் பத்து.

“கூண்டு மட்டும்தான் பாக்கி” என்றார்.

“வாயாடாம எடு, கிழவா.”

ஏப்ரலில் எட்டு எடுத்தார். இருவரும் அழுதோம். வீட்டுக்கு அனுப்பும் முன், அங்கே அவர் சமாளிப்பாரா என்று பார்க்க நகராட்சியிலிருந்து வந்த மாலின் கேட்டாள்: “படியில கைப்பிடியைப் பிடிச்சு இறங்குவாரா?”

“பிடிப்பார்” என்றேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை.

எங்கள் படுக்கை மாடியில். இறங்கும்போது கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான், வலப்பக்கம் வெறும் சுவர்.

அவர் வீடு வந்த மறுநாள், மிட்டாய் எடுத்த காணொளியை ஆய்வகத்தில் இங்கெயர்டிடம் பெருமையாகக் காட்டினேன். எலிகளைப் பராமரிப்பவள் அவள்தான்.

“இதை மெதுவா ஓட்டிப் பார்த்தியா, ராக்னில்ட்?”

“எதுக்கு? எட்டு எடுத்துட்டாரே.”

“எலியும்தான் எடுக்குது. எப்படி எடுக்குதுன்னு என்னைக்காவது பார்த்தியா? எண்ணி முடிச்சதும் காபிக்கு ஓடிடுவ.”

மெதுவாக ஓட்டினாள். தோள் ஏறியது. உடம்பு முழுக்கச் சாய்ந்தது. மிட்டாய், மூடிய முஷ்டியின் மடிப்பில் செருகிக்கொண்டது. பிறகு தலை குனிந்து வாய் கையிடம் வந்தது. விரல்கள் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

மாலினிடம் ‘பிடிப்பார்’ என்று சொல்லியிருந்தேன்.

அன்று மாலை தோர்கெலிடம் சொல்லியிருக்கலாம். கட்டிலைக் கீழே இறக்கியிருக்கலாம். ஆனால் அவர் கதவருகே நின்று, “உன் எலியெல்லாம் என்கிட்ட நிக்க முடியுமா?” என்று சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சுவர்ப் பக்கம் இன்னொரு கைப்பிடி வைக்கத் தச்சரைக் கூப்பிட்டேன். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். காரணம் கேட்ட தோர்கெலிடம், “எனக்கு முட்டி வலிக்குது” என்றேன்.

மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். அவர் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு படி முன்னால், முகம் அவரைப் பார்த்தபடி, பின்னோக்கி இறங்கினேன். குளியலறையில் இருக்கும்போதும் பலகை கிரீச்சிடுகிறதா என்று காது கொடுத்தேன்.

“என்ன, காவலா? போய் உன் வேலையைப் பாரு” என்றார்.

“கூட நின்னு பழகிடுச்சு. வாயேன்.”

புதன்கிழமை காலை அடுப்பில் கஞ்சி பொங்கியது. அணைக்கப் போனேன். அரை நிமிடம்கூட இருக்காது. திரும்பியபோது மேல்படியில் நின்றிருந்தார்.

“நில்லு, தோர்கெல்! வர்றேன்!”

“நீ கஞ்சியைப் பாரு. எனக்குக் கை இருக்கு.”

இடது கையைக் கைப்பிடி மேல் வைத்தார். மூடிய முஷ்டி மரத்தின் மேல் கிடந்தது. அதை நம்பி அவர் எடையைச் சாய்த்ததைப் பார்த்தேன்.

விழுந்த மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், குற்றம் சாட்டும் குரலில் அல்ல, விவரத்துக்காகக் கேட்டார்: “கை பிடிக்காதுங்கிறது வீட்ல யாருக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியும்” என்றேன். “அவருக்குத் தெரியாது.”