நவமணியக்காவைக் கொல்ல முடியாத கதை

1

இந்தக் கதை ஈப்போவில், ஒரு மருத்துவமனை நடைவழியில், பயத்தில் பிறந்தது. பயம் வந்தால் நான் கதை எழுதுவேன், வேறெதற்கும் உதவமாட்டேன். உள்ளே என் அக்கா நவமணி. வெளியே நானும் அவள் கணவர் ஜெயபாலன் மாமாவும்.

முதல் வரி: ‘பித்தநாளத்துக்குள் ஒரு சின்னக் குழாய் தன் இடத்தை விட்டு’

(வேண்டாம். பாடப்புத்தகம்.)

2

நேராகவே சொல்கிறேன். கல் அடைத்திருந்த பித்தநாளத்தில் பித்தம் வடிய ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். மூன்று மாதத்தில் எடுக்க வரச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா, லகாட் பக்கத்துப் பழைய தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதிக்கக் காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக்கூடாது. (ரப்பர் மரங்கள் போய் வீடுகள் வந்தாயிற்று. எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.) திருவிழா முடிந்தபின், ஆத்தாவே சுகமாக்கிவிட்டாள் என்று அக்கா இருந்துவிட்டாள்.

தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவளின் முகம் மஞ்சளானால் யார் கவனிப்பது? கண்ணும் மஞ்சளான பிறகுதான் ஓடிவந்தோம். குழாய் நழுவி மேலே ஏறியிருந்தது. வாய்வழியாகக் கேமரா விட்டு இழுக்கப் பார்ப்பார்கள். வராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும். அக்காவின் பலவீனமான இதயம் அதைத் தாங்குவது சந்தேகம்.

3

கைப்பேசியில் எழுதிய முடிவு: ‘குழாய் வரவில்லை. அக்கா’

மாமா எட்டிப் பார்த்தார்.

“என்னா மச்சான் எழுதுற?”

“கதை, மாமா.”

“அவள சாவடிச்சிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“அதோட நிறுத்திரு லா. நீ பாட்டுக்குச் சாவடிச்சிட்டுப் போயிருவ. நான் யாருகூடச் சண்ட போடுறது?”

அழித்தேன்.

4

டாக்டர் வந்தார். குழாயை ஒட்டி ஒரு சிறு பலூனை நுழைத்து, ஊதி, மெல்ல இழுத்தார்களாம். இரண்டு முறை நழுவியதாம்.

“சுடா கெலுவார், அண்ணே. வெளிய வந்துருச்சு,” என்று மலாயில் தொடங்கித் தமிழில் முடித்தார்.

மாமா தரையிலேயே உட்கார்ந்து அழுதார். இங்கே நல்ல உவமை ஒன்று வைக்கலாம். வைக்கவில்லை, நானும் அழுதுகொண்டிருந்தேன்.

(அடிக்குறிப்பு: கதை இந்த இடத்தில் படுத்துவிட்டது என்று இலக்கிய நண்பர்கள் சொல்வார்கள். படுக்கட்டும். அக்கா எழுந்துவிட்டாள்.)

5

“என்னைய வச்சுக் கதை எழுதுறியாமே?” அக்காவின் குரல் கம்மியிருந்தது. “எப்படிடா முடிச்ச?”

“இன்னும் முடிக்கலக்கா.”

“முடிக்காத, விடு. நான்தான் இருக்கேன்ல.”

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடமும் தருவதாக இல்லை. நீங்களும் என்னைப் போலத்தான். கையில் கிடைத்தால் யாரையாவது சாகடித்துவிடுவீர்கள். அக்காவுக்குப் பசிக்கிறதாம்.