எட்டும் உயரம்

தச்சன் அந்த வீட்டில் எதைப் பொருத்தினாலும் மனைவியின் கை எட்டும் உயரத்தில்தான் பொருத்துவான். அலமாரி, கண்ணாடி, சாவி மாட்டும் ஆணி எல்லாமே அந்தக் கணக்குதான். அவன் குனிந்து குனிந்து தலை வாருவான். அதில் ஒரு பெருமை வேறு. ஆகவே, உடம்பை இழுத்துப் பழகச் சுவரில் ஒரு கம்பி வேண்டும் என்று அவள் கேட்டபோதும் யோசிக்காமல் அதே உயரத்தில் முடுக்கிவிட்டான்.

அவளுக்குத் தீயணைப்புப் படையில் சேர வேண்டும். வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தாண்டியாகிவிட்டது; பாக்கி இருப்பது கம்பி ஒன்றுதான். கால் தரையில் படாமல் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பை இழுக்க வேண்டும். முடியாவிட்டால் அவ்வளவுதான்.

காலையும் மாலையும் அவள் கம்பியே கதியென்று கிடந்தாள். மற்ற நேரத்தில் அதில் ஈரத் துண்டு காய்ந்தது. முதலில் மூக்குவரை எட்டியவள், பிறகு சர்வசாதாரணமாகத் தாடையைத் தாண்டினாள். ஒரு மாலை பின்னாலிருந்து பார்த்தபோதுதான் தச்சனுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் அவள் முழங்காலை மடக்கி, தரையை உதைத்து எம்பினாள். பாதி வேலையைத் தரை செய்துகொண்டிருந்தது. கம்பி இன்னும் இரண்டு சாண் மேலே இருந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். பட்டறைக்கு எதிரே அட்டைப்பெட்டிக் கிடங்கு எரிந்தபோது அவன் பார்த்துக்கொண்டு நின்றவன். உள்ளே போன தீயணைப்பு வீரர்களில் ஒருவரை மற்றவர்கள் தோளில் போட்டுத் தூக்கி வந்தார்கள். இவள் தேறாவிட்டால் குடியா முழுகிவிடும்? வீட்டில் பத்திரமாக இருப்பாள்.

"நீங்க இந்தக் கம்பிய மாட்டித் தரலன்னா எனக்கு ஏதுங்க இவ்வளவு தெம்பு?" என்றாள் ஒரு நாள், தோளைத் தடவிக்கொண்டே. "எங்கம்மாகூட வேணாம்னுதான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் என் பக்கம்."

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கம்பியைக் கழற்றி மேலே ஏற்றினான்.

திரும்பி வந்தவள் முக்காலி போட்டு ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். முக்கினாள், முனகினாள், முழங்கைகூட மடங்கவில்லை. கீழே குதித்து, சுவரிலிருந்த பழைய திருகு ஓட்டைகளைப் பார்த்தாள்.

"இத்தன நாளும் எகிறித்தான் ஏறினேனா?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரொம்ப நாளா தெரியும். அந்தக் கிடங்குலேருந்து ஒருத்தர தூக்கிட்டு வந்தாங்கம்மா. அதப் பாத்ததுலேருந்து, நீ தோத்துட்டா தேவலன்னு இருந்துச்சு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "தூக்கிட்டு வந்தாங்கல்ல? அந்தத் தூக்கினவங்களுக்குத் தெம்பு இல்லாம இருந்திருந்தா?"

அதன்பின் வாரக்கணக்கில் அவள் கம்பியை விடவில்லை. முக்காலியில் ஏறி, தாடையை மேலே வைத்துக்கொண்டு, காலை விட்டு மெல்ல மெல்ல இறங்கிப் பழகினாள். தோள் நடுங்கும், பல்லைக் கடிப்பாள். அவன் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினால், "கைய எடுங்க" என்பாள். அவனும் எடுத்துவிடுவான். அவன் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

தேர்வுக்கு முந்தின நாள், அசையாமல் தொங்கிய உடம்பு அங்குலம் அங்குலமாக மேலே போனது. தாடை கம்பியைத் தாண்டியது. இறங்கி வந்து, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பயம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை.

"இன்னொண்ணு," என்றான் தச்சன். "உள்ள போற ஆளுக்கு ஒண்ணு பத்தாதும்மா."