நான்காம் கேமராவின் கோணம்

அவன் தன் உச்சந்தலையை முதன்முதலில் பார்த்தது ஒரு செருப்புக் கடையில். பார்த்தபோது அது தன்னுடையது என்று அவனுக்குத் தெரியாது.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது அவன் தொழில். ஐந்து வருடமாகச் செய்கிறான். கூட்டாளி ஒருவன் உண்டு. வீட்டில் வைத்த பெயர் என்னவாக இருந்தாலும் எல்லோரும் அவனை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரம் அப்படி. தாழ்வான கூரை உள்ள கடை என்றால் ஒரு முக்காலி போதும், கேமராவை மாட்டிவிட்டு இறங்கிவிடுவான்.

அன்று ஏணி கல்லாவுக்குப் பின்பக்கம், கூரையோரம் ஒரு கேமராவை முடுக்கிக்கொண்டிருந்தான். இவன் கல்லாவில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் செருப்பு அடுக்குகள் தெரிந்தன, கண்ணாடிக் கதவு தெரிந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற யாரோ ஒருவர் தெரிந்தார். அவர் தலைமேல் வட்டமாக, வெள்ளையாக ஏதோ ஒன்று.

"லென்ஸ்ல வெளிச்சம் அடிக்குதுடா. வட்டமா ஒண்ணு தெரியுது. துடை."

ஏணி துடைத்தான்.

"இன்னும் இருக்கு. நல்லா துடை."

ஏணி சட்டை நுனியால் துடைத்தான். ஊதிவிட்டும் துடைத்தான்.

"போகல. விளக்கை அணைக்கச் சொல்லு."

கடைக்காரர் ஒரு விளக்கை அணைத்தார். வட்டம் கொஞ்சம் மங்கியதே தவிர, இடத்தை விட்டுப் போகவில்லை. இவன் உற்றுப் பார்க்கத் திரையை நோக்கிக் குனிந்தான். அரை விநாடி கழித்துத் திரையிலிருந்தவரும் குனிந்தார். வட்டம் பெரிதாகி முழுசாகத் தெரிந்தது. அந்த இயந்திரத்தில் படம் அரை விநாடி தாமதமாகத்தான் வரும். ஆகவே அந்த அரை விநாடி மட்டும் அது வேறு யாருடைய தலையாகவோ இருந்தது.

"என்னடா, போயிடுச்சா?" என்றான் ஏணி.

"போயிடுச்சு" என்றான் இவன். ஒருவகையில் உண்மைதான்.

திரும்பி வரும்போது கேட்டான்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது?"

"என் தலை."

"நான் நிக்கற உயரத்துக்கு எனக்கு வேற என்னடா தெரியும்? ரெண்டு வருஷமா பாக்கறேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல."

வீட்டுக் கண்ணாடியின்மேல் அவனுக்கு அன்று கோபம் வந்தது. இருபத்தாறு வருடமாகத் தினமும் காலையில் போய் நின்றிருக்கிறான். முன்பக்கத்தை மட்டும் காட்டி அனுப்பிவைத்திருக்கிறது. அக்காவின் கைக்கண்ணாடியை வாங்கி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாகப் பிடித்துப் பார்த்தான். சந்தேகத்துக்கு இடமில்லை.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னான். யாரும் அதிர்ச்சி அடையாததுதான் அவனுக்கு அதிர்ச்சி.

"உங்க அம்மா பக்கம் எல்லாம் வழுக்கை" என்றார் அப்பா. அறுபது வயதிலும் அவர் தலையில் சீப்பு சிக்கும்.

"எங்க அண்ணனைத்தானே குத்திக் காட்டறீங்க? அவருக்கு வழுக்கை இல்ல, நெத்தி அகலம்."

"பிடரி வரைக்குமா நெத்தி இருக்கும்?"

பேச்சு அங்கிருந்து மாமாவின் பழைய சமாச்சாரங்களுக்குப் போய்விட்டது. தட்டைக் கழுவி வைக்கும்வரை அவன் தலை பக்கம் அது திரும்பி வரவேயில்லை. அத்தான் மட்டும், அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, வாசலில் அவன் தோளைத் தட்டி, "கவலைப்பட்டா இன்னும் கொட்டும். கவலைப்படாத" என்றார். அதுவரை வருத்தம்தான் இருந்தது. இனி கவலைப்படாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

தொப்பி ஒன்று வாங்கினான். நீல நிறம், முன்னால் கெட்டியான விளிம்பு. வாரம் ஒருமுறை தங்கள் சொந்தக் கடையிலிருந்த சோதனைக் கேமராவின் கீழ் உட்கார்ந்து தன் தலையைப் படம் எடுத்துச் சேமித்தான். முதல் வாரம் வட்டத்தின் குறுக்களவு நாற்பத்தோரு பிக்சல். ஒன்பதாவது வாரம் நாற்பத்தாறு. ஏழாவது வாரத்தில் மட்டும் முப்பத்தொன்பதாகக் குறைந்திருந்தது. அந்த வாரம் முழுக்க அவன் எல்லோரிடமும் அன்பாக நடந்துகொண்டான். பிறகுதான் அன்று நாற்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தது தெரியவந்தது.

வேலைக்குப் போகுமிடமெல்லாம் உலகத்தை மேலிருந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. திரைகளில் மனிதர்கள் தலைகளாக வந்தார்கள், தலைகளாகப் போனார்கள். சுழி இடப்பக்கம் உள்ளவர்கள், ஈரத் தலையோடு அவசரமாக வருபவர்கள், வகிட்டைக் கோணலாக எடுத்துவிட்டு நாள் முழுக்க அது தெரியாமலே திரிபவர்கள். மேலே ஒருவர் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது உண்மை என்றால், அவருக்கு ஒருவர் முகமும் தெரிந்திருக்காது என்று தோன்றியது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு, அவருக்குத் தெரிவதெல்லாம் உச்சி மட்டும்தான் என்பதும் தோன்றியது. ஆறுதல் போய்விட்டது.

இவ்வளவையும் அவன் தாங்கிக்கொண்டிருப்பான், மருந்துக் கடை என்று ஒன்று இல்லாமல் இருந்தால்.

மருந்துக் கடைக்கு மாதம் ஒருமுறை போய்க் கேமராக்களைச் சோதித்துத் தர வேண்டும். கல்லாவில் ஒரு பெண் இருந்தாள். சீட்டை வாங்கிப் பார்ப்பாள், மருந்தை எடுத்து வைப்பாள், எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒருமுறை சொல்வாள். அவள் சொன்னால் வயதானவர்கள்கூட மறுமுறை கேட்பதில்லை. அவனை "கேமராக்காரரே" என்று கூப்பிடுவாள். மற்ற கடைகளில் "தம்பி", "அண்ணா" என்றெல்லாம் கூப்பிட்டார்கள். "அண்ணா" என்று அவள் கூப்பிடாததை அவன் ஒரு வருடமாகக் கவனித்துவந்தான்.

சிக்கல் இதுதான். பதிவு இயந்திரம் கடையின் மூலையில், தரையோடு ஒட்டி இருந்தது. அதைத் திறந்து வேலை செய்ய அரைமணி நேரம் குனிந்து உட்கார வேண்டும். அதற்கு நேர் மேலே நான்காம் கேமரா. நான்கு கேமராக்களின் படமும் தெரியும் திரை அவள் கண்ணுக்கு எதிரே. அந்த மூலையில் வெக்கை அதிகம், தொப்பியோடு உட்கார்ந்தால் வியர்வை கண்ணில் இறங்கும். கழற்றினால், மாதம் அரைமணி நேரம், அவளுக்கு முன்னால், அது.

ஒரு மாதம், அன்றைய வேலை முடிந்ததும் ஏணியில் ஏறினான். கூட்டாளி இல்லை, மர ஏணி. தொப்பியின் விளிம்பு கூரையில் இடித்தது. கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நான்காம் கேமராவை இரண்டு விரல் அகலம் திருப்பினான். இப்போது அதில் சுவர்க் கடிகாரமும் மின்விசிறியின் ஓர் இறக்கையும் தெரிந்தன. இறங்கி வந்து பராமரிப்புத் தாளில், 'நான்காம் கேமரா: கோணம் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினான் என்றுகூடச் சொல்ல முடியாது, கிறுக்கினான். அவள் வாங்கிப் படித்துவிட்டு, வாடிக்கையாளர் கையொப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பதினோரு நாள் கழித்து, காலையில் மருந்துக் கடை முதலாளி ஃபோன் செய்தார். "உடனே வா. தனியா வா."

போனான். கடையில் முதலாளி மட்டும் இருந்தார். அந்தப் பெண்ணுக்கு மதியத்திலிருந்துதான் வேலை.

"மூலை அலமாரில பன்னெண்டு பெட்டி இருந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல. யார் எடுத்தாங்கன்னு பாக்கலாம்னு நாலாவது கேமராவைப் போட்டா, பதினோரு நாளா மணி காட்டுது."

அவன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சரி, ரெண்டாவதுல போட்டேன். இதப் பாரு."

இரண்டாம் கேமராவை அவன் மறந்தே போயிருந்தான். திரையில் ஓர் ஆள் ஏணியில் ஏறினான். தொப்பியைக் கழற்றினான். உச்சி பளிச்சென்று தெரிந்தது. கேமராவைத் திருப்பினான். இறங்கினான். படத்தின் தெளிவில் குறை சொல்ல முடியாது. அவனே பொருத்தியதுதான்.

"காணாம போனது என்ன பெட்டி தெரியுமா?"

"தெரியாதுங்க."

"முடி வளர்ற மருந்து." முதலாளி திரையைப் பார்த்தார், அவன் தொப்பியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "நான் என்னப்பா நினைக்கறது?"

வாஸ்தவத்தில் அவர் நினைத்ததில் தப்பே இல்லை. அவனே முதலாளியாக இருந்திருந்தால் இந்நேரம் போலீசைக் கூப்பிட்டிருப்பான். அந்த அலமாரி முன் நின்று, அந்தப் பெட்டியை எடுத்து, பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தைப் படித்துவிட்டு, திரும்ப வைத்ததும் உண்டு. ஒவ்வொரு மாதமும் உண்டு. உண்மையைச் சொல்வதா, திருடன் என்று ஒப்புக்கொள்வதா என்று யோசித்தான். திருடன் என்பது பரவாயில்லை போலிருந்தது. திருடனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது.

"உனக்கு ஒருத்தனுக்கு பன்னெண்டு பெட்டி எதுக்கு? அந்தப் பொண்ணும் உடந்தை. தாள்ல கையெழுத்தும் போட்டிருக்கா பாரு. ரெண்டு மணிக்கு வரட்டும், இன்னியோட வேலைய விட்டு நிறுத்திடறேன்."

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் திருப்பினேன். பெட்டிக்காக இல்ல. இதுக்காக." குனிந்து காட்டினான். "அங்க உக்காந்தா இது திரையில தெரியும். அவங்க பாத்துடுவாங்கன்னு திருப்பினேன்."

முதலாளி நெடுநேரம் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"இதுக்காக ஒரு மனுஷன் கேமராவைத் திருப்புவானா?"

"திருப்பிட்டேன்."

"எனக்கு இருபத்திரண்டு வயசுலயே போச்சு." முதலாளியின் தலையில் காதோரம் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். "நாலு கேமராவும் நாள் பூரா என்னைத்தான் பாக்குது. நான் எதையாவது திருப்பினேனா?"

இரண்டு மணிவரை இருவரும் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி நம்பினாரா இல்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. நடுவில் ஒருமுறை, "தலைக்கு என்ன தேய்க்கற?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க" என்றான். "நல்லது. நான் எல்லாத்தையும் தேய்ச்சுப் பாத்துட்டேன்" என்றார். மருந்துக் கடைக்காரர் வாயிலிருந்து அப்படி வருவது கேட்க என்னவோபோல் இருந்தது.

அவள் இரண்டு மணிக்கு வந்து, பையை ஆணியில் மாட்டினாள்.

"அந்தப் பன்னெண்டு பெட்டி எங்கம்மா?" என்றார் முதலாளி, குரலை உயர்த்தி.

"கீழ் டிராயர்ல."

"எந்த டிராயர்?"

குனிந்து இழுத்துக் காட்டினாள். பன்னிரண்டும் இருந்தன. "மத்தியானம் வெயில் நேரா அந்த அலமாரி மேல விழுது. சூடு படக் கூடாதுன்னு பெட்டிலயே போட்டிருக்கு. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே? நீங்க ஃபோன்ல இருந்தீங்க. தலையாட்டினீங்க."

முதலாளி இப்போதும் தலையாட்டினார். யார்மேலாவது கோபப்பட்டாக வேண்டிய நிலைமை. "அது இருக்கட்டும். இவன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? தலைல சொட்டை விழுந்தது உனக்குத் தெரியக் கூடாதுன்னு நாலாவது கேமராவைத் திருப்பி வச்சிருக்கான்!"

அந்த வாக்கியம் கடையில் எல்லா அலமாரிகளிலும் போய் முட்டிவிட்டு வந்ததுபோல் அவனுக்கு இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரையைப் பார்த்தால் உச்சி தெரியும் என்பது உடனே நினைவுக்கு வந்து நிமிர்ந்தான்.

"தெரியும்" என்றாள் அவள்.

"எது தெரியும்?"

"ரெண்டும். கேமரா திரும்பினது அன்னிக்கே தெரியும். எதுக்குன்னும் தெரியும்."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"கோணம் சரிசெய்யப்பட்டதுன்னு எழுதியிருந்தாரு. அவருக்கு எது சரியோ, இருக்கட்டும்னு விட்டுட்டேன். பெட்டிய நான்தான் உள்ள வச்சேன், அங்க திருட வேற என்ன இருக்கு?"

முதலாளிக்கு அப்போது பசி வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அந்தக் கேமரா பழையபடி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் ஏணியை விரித்தான். அவள் கல்லாவில் உட்கார்ந்து திரையைத் துடைத்தாள்.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டான், மேலே ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு.

"நீங்க முதல்ல வந்த அன்னிக்கு."

"அப்ப சின்னதா இருந்திருக்கும்."

"ஆமா. இப்ப கொஞ்சம் பெருசு." ஜலதோஷ மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லும் அதே குரல். "இந்தத் திரையில யாருக்கும் மூஞ்சி கிடையாதுங்க. வர்றவங்களை எல்லாம் உச்சிய வச்சுத்தான் எனக்குத் தெரியும். ரெண்டு சுழி வந்தா சர்க்கரை மாத்திரை. நரைச்ச வகிடு வந்தா கண்ணு மருந்து. உங்களோடது வந்தா மாசம் பொறந்துடுச்சுன்னு அர்த்தம். பதினோரு நாளா அந்தக் கட்டத்துல மணிதான் ஓடுது. பாக்கவே போர் அடிக்குது."

அவன் கேமராவை இரண்டு விரல் அகலம் திருப்பினான். இன்னும் கொஞ்சம் இடது என்றாள். திருப்பினான். கொஞ்சம் கீழே என்றாள். முடுக்கினான்.

"இப்ப சரியான்னு எப்படித் தெரியும்? கீழ ஆள் வேணுமே" என்றாள். "நீங்களே போய் உக்காருங்க. மெஷின் முன்னாடி, எப்பவும் உக்கார்ற மாதிரி."

இறங்கினான். தொப்பியை ஏணியின் மேல்படியில் வைத்துவிட்டு மூலையில் போய்க் குனிந்து உட்கார்ந்தான். செய்ய வேலை ஒன்றும் இல்லை. சும்மா இயந்திரத்தின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுதா?" என்று கேட்டான்.

அரை விநாடி ஆயிற்று.

"தெரியுது."

"தெளிவா?"

"தெளிவா. கொஞ்சம் இருங்க, அசையாதீங்க."

அசையாமல் உட்கார்ந்திருந்தான். எதற்கு என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்து, எப்போது குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பிறகுதான், "சரி, எழுந்திரிங்க" என்றாள்.

பராமரிப்புத் தாளை எடுத்து, 'நான்காம் கேமரா: கோணம் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினான். அவள் வாங்கி, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.