வெங்காயத் தோணிக்கு ஆறு பீரங்கி

டானியலா கப்பல் வடிவமைப்பாளர். எண்ணெய்க் கப்பல்களையும் இழுவைப் படகுகளையும் வரைந்து சலித்துப்போனவர். பாரம்பரிய விழாவுக்காகப் பழைய தமிழர் கப்பல் ஒன்றைச் செய்து பொங்கோல் கரையோரம் மிதக்கவிட வேண்டும் என்று லிட்டில் இந்தியா வணிகர் குழு ஒன்று கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார்.

அவர் வரைந்தது ஒரு சரக்குத் தோணி. அகன்ற வயிறு, ஒற்றைப் பாய்மரம், ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த பலகைகள். துணியும் பாக்கும் வெங்காயமும் ஏற்றிக் கடல் கடந்த வகை.

குழுத் தலைவர் துரைசாமி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடையது மூன்று தலைமுறையாக வெங்காய மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம்.

“என்னம்மா, மாசமா இருக்கிற படகு மாதிரி இருக்கு? பீரங்கி எங்க?”

“சார், இது வியாபாரக் கப்பல். சரக்கு நிறைய ஏத்தணும்னா வயிறு அகலமாத்தான் இருக்கணும்.”

“விஐபி வர்றாரு லா. நம்ம முன்னோர் வெங்காயம் ஏத்தி வந்தாங்கன்னு அவர்கிட்ட சொல்றதா? படையெடுத்து வந்தாங்கன்னு சொன்னா ஒரு கெத்து இருக்கும்ல?”

“எங்க படையெடுத்தாங்க?”

“அது... பொதுவா.”

கயிற்றுத் தையல் வெளியே தெரிந்தால் ஏழ்மையாக இருக்கும் என்றார் பொருளாளர் தங்கம். பொன்வண்ணம் பூசி மறைத்தார்கள். முகப்பில் பெரிய சிங்கத் தலை வந்தது. மேல்தளத்தில் ஆறு பீரங்கிகளும் ஓர் அரியணையும் ஏறின. வியாபாரிகள் மட்டுமே இருந்த அந்தக் குழுவில் வியாபாரக் கப்பலுக்காகப் பேச ஒருவரும் இல்லை. மேலே கனம் கூடினால் கவிழ்ந்துவிடும் என்று டானியலா எச்சரித்தார். அதற்குத் தனியாக ஒரு மீட்டிங் வைக்கலாம் என்றார்கள். அந்த மீட்டிங் நடக்கவே இல்லை.

விழாவுக்கு முதல் நாள் தோணி தண்ணீரில் இறங்கியது. இறங்கியதும் மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது. பீரங்கி ஒன்று உருண்டுபோய்த் தண்ணீரில் விழுந்தது. துரைசாமி ஓடிவந்தார்.

“ஏதாச்சும் செய்யுங்க, டானியலா!”

“பீரங்கி, அரியணை, சிங்கம் எல்லாத்தையும் இறக்குங்க. அடியில நாலு டன் சரக்கு ஏத்துங்க. காலியா மிதக்கிறதுக்கு இத கட்டல, சார்.”

“இந்த நேரத்துல நாலு டன் சரக்குக்கு எங்க போறது?”

டானியலா அவரையே பார்த்தார். துரைசாமி போனை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய், “ரெண்டு லாரி. பெரிய வெங்காயம்,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மறுநாள் தோணி நிமிர்ந்து நின்றது. அடித்தளத்தில் இருந்த மூட்டைகளைக் காட்டி, என்ன அது என்று விஐபி கேட்டார்.

“அந்தக் காலத்து வெடிமருந்து, சார்,” என்றார் துரைசாமி.

விஐபி மோந்து பார்த்து, பலமாகத் தலையாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு டானியலாவையும் துரைசாமியையும் ஏற்றிக்கொண்டு தோணி புறப்பட்டது. படகோட்டி ஹுசைன் தன் விசைப்படகில் கயிறு கட்டி அதை முன்னால் இழுத்துச் சென்றார். காற்று வந்து பாய் புடைத்ததும், கயிற்றை அவிழ்க்கும்படி டானியலா அவருக்குக் கைகாட்டினார். திரும்பி வரும்படி கரையில் பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியில் கத்தினார். தோணி தானாகவே நகர்ந்தது.

“இது நெஜமாவே போகுதா?” துரைசாமி பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“போகத்தானே கட்டினோம், சார்.”

பலகைகள் தையலில் முனகி அலைக்கு வளைந்து கொடுத்தன. டானியலா சுக்கானைத் திருப்பினார், கரைப் பக்கம் அல்ல.