எதிரே வந்தவள்

தெருமுனையில் ஆபீஸ் வேன் மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் கலைமதி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். வாசலில் அவள் புருஷனின் அண்ணன் பிரபாகர் கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. பைக்கைத் துடைத்தான். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினான். சட்டையில் குத்தியிருந்த வெல்ஸோரா போன் கம்பெனி பேட்ஜை நிமிர்த்தினான். அவன் மனைவி நிர்மலா நிறைகுடத்தோடு தெருவோரத்தில் காத்திருந்தாள். அவன் கண்ணைக் காட்டியதும் அவள் எதிரே நடந்து வரவேண்டும். தினமும் நடக்கிற கூத்து அது.

"அத்த, வேன் போயிடும். சுவத்தோரமா போயிடறேன், அவரு பக்கமே திரும்ப மாட்டேன்."

"வாயை மூடுடி," என்று அடிக்குரலில் அதட்டினாள் மாமியார் ராஜாமணி. "எம் மவன் பெங்களூருக்கு மீட்டிங்குக்குப் போறான். இன்னிக்குன்னு பாத்து அவன் எதிர்ல போயி நிக்கப் போறியா? வண்டி தெரு தாண்டட்டும்."

அதட்டியவளும் அதே கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து மகன் கிளம்பும்போது அவள் முகம் காட்டியதில்லை. போ என்று அவளை யாரும் சொல்லவில்லை. அவளாகவே உள்ளே போய்விட்டாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. தானே போய் ஒளிந்துகொண்டவளுக்கு இன்னொருத்தியை ஒளித்துவைப்பது பெரிய காரியமாகத் தெரிவதில்லை.

நல்லம்பள்ளியில் அந்த வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. கலைமதி வேலைக்குப் போக முன்வாசல் ஒன்றுதான் வழி. ஆனால் தன் போன் கடைக்குப் பிரபாகர் கிளம்பும் முன் அந்த வாசலில் அவள் கால் படக்கூடாது. அவள் புருஷன் பூபதி, பிரபாகரின் தம்பி, தொப்பூர் இறக்கத்தில் லாரி ஏறி இறந்ததிலிருந்து மூன்று வருஷமாக இதுதான் சட்டம்.

கடைசியில் பைக் கிளம்பியது. கலைமதி ஓடிப்போய்ப் பார்த்தபோது தெருமுனையில் வேன் இல்லை.

டவுன் பஸ்ஸில் நசுங்கி அவள் தர்மபுரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் இருந்தது ஆபீஸ். நாற்பது பெண்கள் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதே வெல்ஸோரா கம்பெனியின் டிரைவர் இல்லாத காருக்கு ரோட்டை அடையாளம் காட்டிக்கொடுத்தார்கள். திரையில் ஓடும் வீடியோவை நிறுத்தி, லாரிக்கு ஒரு பாக்ஸ், மாட்டுக்கு ஒரு பாக்ஸ், மனுஷருக்கு ஒரு பாக்ஸ் என்று கோடு போட்டுக் குறிக்கவேண்டும். அதைப் பார்த்துத்தான் கார் கற்றுக்கொள்ளும். அந்த நாற்பது பேரில் கார் ஓட்டத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை என்பதைப் பற்றிக் கம்பெனி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

டீம் லீடர் சசிகலா அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"இந்த மாசத்துல இது மூணாவது லேட்டு, கலை. இன்னொரு நாள் லேட்டானா சிஸ்டமே உன் பேரைத் தூக்கிடும். அப்புறம் எங்கையில ஒண்ணும் இல்ல."

"வூட்டுல ஒரு பிரச்சனைங்க மேடம்."

"அந்த சிஸ்டத்துக்கு வூடு வாசல் எதுவும் தெரியாது. நாளைக்கு லீவு. நாளன்னிக்கு வேன்ல வந்துடு."

சசிகலா கறார்தான். ஆனாலும் அவள்மேல் கலைமதிக்குக் கோபம் வருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்தது அப்படி. ஒரு கல்யாண ஊர்வலத்தின் வீடியோ வந்திருந்தது. சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், மேளக்காரர்கள், குழந்தைகள் எல்லோருக்கும் கலைமதி பாக்ஸ் போட்டு முடித்திருந்தாள். சசிகலா படத்தைப் பெரிதாக்கி ஒரு மூலையில் விரல் வைத்தாள். கரண்டு கம்பத்துக்குப் பின்னால் தலையில் முந்தானை போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தாள். வெறும் நெற்றி. மற்றவர்கள் கண்ணில் படாதபடி தள்ளியே நின்றாள்.

"இவங்களை ஏன் விட்டுட்டே?"

"அவங்க ஊர்வலத்துல இல்லீங்களே. ஒதுங்கி நிக்கறாங்க."

"ஒதுங்கி நின்னா ஆளு இல்லைன்னு ஆயிடுமா? நீ பாக்ஸ் போடலைன்னா வண்டிக்கு அந்த எடத்துல யாருமே இல்ல. மேல ஏத்திட்டுப் போயிடும்."

கலைமதி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பூபதியும் தொப்பூரில் அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒதுங்கித்தான் நின்றிருந்தான். அதைவிட அவளைச் சுட்டது வேறொன்று. அந்த அம்மாளைக் கவனிக்காமல் விட்டவை வேறு யார் கண்களும் இல்லை, அவளுடைய கண்கள்தான். கதவுக்குப் பின்னால் நின்று நின்று, ஒதுங்கி நிற்பவளைக் கணக்கில் சேர்க்காத புத்தி அவளுக்கே வந்துவிட்டிருந்தது. அதன்பிறகு அவள் ஒரு ஆளையும் விட்டதில்லை. கால் மட்டும் தெரிந்தாலும் பாக்ஸ் போட்டாள். அந்த மாடியில்தான் தனக்கு ஒரு பெயரும் நாற்காலியும் இருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. அதை இழந்தால் மிச்சமிருப்பது சமையலறைக் கதவுதான்.

தாமதமாகப் போனதற்கு மறுநாள் வாரவிடுமுறை. பெங்களூரிலிருந்து பிரபாகர் அன்று மாலைதான் திரும்பினான். வந்ததும் பேட்ஜைக் கழற்றி மூலையில் வீசினான்.

அவனுக்கு வெல்ஸோரா வெறும் கம்பெனி இல்லை, குலதெய்வத்துக்கு அடுத்தபடி. ஆறு வருஷத்துக்கு முன் போன் விற்பனையில் அது முதலிடத்தில் இருந்தபோது, நல்லம்பள்ளியில் அதன் போர்டை மாட்டிய முதல் ஆள் அவன். பிறகு கம்பெனி ஆன்லைன் வியாபாரத்தில் இறங்கி, கடையில் விற்கிற அதே போனை அதைவிட மலிவாக வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தது. தன்னைத் தூக்கிவிட்ட கடைக்காரனின் வயிற்றில் கூசாமல் அடித்தது. பிரபாகர் அதற்கும் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. நிர்மலாவின் குடம் இன்னும் நிறைய இருக்கவேண்டும் என்றுதான் சொன்னான்.

"நாலாவது எடமாம்!" என்று இப்போது கத்தினான். "போன்ல நாலாவது எடம். ஆன்லைன் வியாபாரத்துல போட்டிக் கம்பெனிங்க ரெண்டும் சேந்து மிதிச்சிட்டானுங்க. மேடையில நின்னுக்கிட்டு வெக்கமே இல்லாம சொல்றானுங்க. காரு ஒண்ணுலதான் எல்லாரையும் முந்தி நிக்கறாங்களாம். படம் போட்டுக் காட்டுனான். ஆளு குறுக்க வந்தா தானா நிக்குது. எல்லாரும் கை தட்டறானுங்க. போன் விக்கிறவனுக்கு என்னாத்துக்குடா காரு?"

"கிளம்பறப்ப நல்லாத்தானே கிளம்புன சாமி?" என்றாள் ராஜாமணி.

"நல்லாத்தான் கிளம்புனேன். வண்டிக் கண்ணாடியில இவ மொகம் தெரிஞ்சுது. கதவு சந்துல."

சுட்டிய விரல் கலைமதியைக் காட்டியது. எத்தனையோ நாடுகளில் கடை பரப்பிய கம்பெனி, எத்தனையோ பெரிய மூளைக்காரர்கள் கூடி நடத்துகிற கம்பெனி, நல்லம்பள்ளியில் ஒரு விதவையின் முகம் பைக் கண்ணாடியில் விழுந்ததால் நாலாவது இடத்துக்குப் போய்விட்டதாம். அதை அந்த வீட்டில் யாரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். ராஜாமணி நெஞ்சில் கை வைத்தாள்.

மூன்று வருஷமாக அடக்கி வைத்ததைக் கலைமதி அன்று சொல்லிவிட்டாள்.

"மாமா, போனை நான் தொட்டதே இல்ல. கடைப் பக்கமே நீங்க என்னை விட்டதில்ல. அந்தக் கடைக்காகத்தான் தெனம் அக்கா கொடம் தூக்கிட்டு வராங்க. அந்தக் கம்பெனியில நான் கை வச்சது காரு ஒண்ணுலதான். அது ஒண்ணுதான் முந்தி நிக்குதுன்னு இப்ப நீங்களே சொல்றீங்க."

நிர்மலா தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டோரம் வந்த சிரிப்பை மறைக்கத்தான் அவள் குனிந்தாள்.

"எதுத்தா பேசற?" ராஜாமணிதான் முதலில் சீறினாள்.

"விடும்மா," என்றான் பிரபாகர். "நாளைக்கு ஓசூர் போயி வேற கம்பெனி ஏஜென்சிக்குக் கையெழுத்துப் போடப் போறேன். எட்டரைக்கு மேல நேரம் நல்லாருக்கு. அதுவரைக்கும் இவ ரூமை விட்டு வரக்கூடாது. வேலைக்கும் போக வேணாம். நானே அந்தக் கம்பெனிய விட்டாச்சு, இவளுக்கு என்னாத்துக்கு அந்தக் கம்பெனி சோறு?"

மறுநாள் காலை எட்டரைக்கு வேன் ஹாரன் அடித்தது.

கலைமதி சேலை கட்டிப் பையோடு தயாராக இருந்தாள். ராஜாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள். கலைமதி இழுபடவில்லை. மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கோபமாக அல்ல, முள் எடுப்பதுபோல் பொறுமையாக. பிறகு நடையைத் தாண்டி, நட்ட நடு வாசல் வழியாக இறங்கினாள்.

பிரபாகர் பைக்கைக் கிளப்பிவிட்டிருந்தான். நிர்மலா குடத்தோடு நாலடி தள்ளி வந்துகொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே கலைமதி போய் நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. பிரபாகர் காலைத் தரையில் ஊன்றினான்.

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுதுங்க மாமா. உங்களுக்கும் என்னைத் தெரிஞ்சுது. அதனாலதான் வண்டி நின்னுது."

"அடியேய்!" ராஜாமணி தலைதெறிக்க ஓடிவந்தாள். மருமகளின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் தான் நிற்கும் இடம் அவளுக்கு உறைத்தது. மகனின் பைக்குக்கு முன்னால், முன்சக்கரம் சேலையில் உரசும் தூரத்தில் நின்றிருந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் இது முதல் தடவை.

பிரபாகரின் பார்வை கலைமதியை விட்டுத் தாயின் வெறும் நெற்றிக்குப் போனது. அவன் முகம் சுளித்தது.

"ஏம்மா, நீயுமா? நல்ல காரியத்துக்குக் கிளம்பறேன்னு தெரியாது? உள்ள போ."

தானாக உள்ளே போனது தன் பெருந்தன்மை என்று இத்தனை வருஷமும் ராஜாமணி நினைத்திருந்தாள். என்றைக்காவது தவறி எதிரே வந்துவிட்டாலும், எங்கம்மாவுக்கு என்ன என்று மகன் சொல்வான் என்று அவள் மனதோரத்தில் ஒரு நம்பிக்கை கிடந்தது. அதைச் சோதித்துப் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வந்ததே இல்லை.

"நான் உன்னைப் பெத்தவடா," என்றாள்.

"இப்ப யாரு இல்லைன்னா? நேரம் போவுது. உள்ள போம்மா."

வேன் இன்னொரு முறை கூப்பிட்டது. கலைமதி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். வேகமாக நடந்து போய் ஏறினாள்.

வேன் நகர்ந்ததும் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தாள். கை கடுத்துப்போன நிர்மலா குடத்தைத் தரையில் இறக்கி வைத்திருந்தாள். பிரபாகர் கடிகாரத்தைக் காட்டிக் காட்டி என்னவோ கத்திக்கொண்டிருந்தான். பைக்குக்கு முன்னால் ராஜாமணி நின்றுகொண்டிருந்தாள். வேன் தெரு திரும்பும்வரை அவள் உள்ளே போகவில்லை.