நான்காவது நட்டு

வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் தையல் மேல்தான் உட்கார்ந்து போகிறார்கள் என்று முதலாளி வேடிக்கையாகச் சொல்வார். தனக்கென்று அவள் ஒரு சீட் தைத்தது இதுதான் முதல் தடவை.

கடலுக்குப் போகப் போகிறார்கள். பைக்கில் இரண்டு நாள் பயணம். கல்யாணமான புதிதில் கணவன் கொடுத்த வாக்கு, வருஷா வருஷம் தள்ளிப் போய் இப்போதுதான் கைகூடியிருந்தது. கடலை அவள் பார்த்ததே இல்லை. இடுப்பில் பழைய வலி ஒன்று உண்டு என்பதால் பின் சீட்டுக்கு அடியில் கெட்டி ஃபோம், மேலே மெத்தென்ற ஃபோம், முதுகெலும்பின் நுனிக்கு நடுவில் ஒரு சிறு பள்ளம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஃபோமுக்கு முதலாளி காசு வாங்கவில்லை. லீவும் கொடுத்தார்.

"போய்ட்டு வாம்மா. கடலுக்கு எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுடு" என்றார்.

கணவனுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை. பைக்கில் ஊர் சுற்றும் கூட்டாளிகள் அவனை 'பைலட்' என்பார்கள். ஊர் எல்லையைத் தாண்டாத பைலட். இந்தப் பயணத்துக்காக டயர் மாற்றினான், செயின் மாற்றினான், கண்ணாடி முன் நின்று கூலிங்கிளாஸ் மாற்றினான். அவள் வேலை விட்டு வந்ததும் மிஷினில் உட்கார்ந்து, டேங்க் மேல் வைக்க ஒரு பை, இரண்டு பக்கமும் தொங்க இரண்டு பை, எல்லாவற்றுக்கும் மழை உறை என்று தைத்துத் தள்ளினாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் இருந்து குரல் வந்தது.

"ஏய், இங்க வா. சாமான் பெட்டி மாட்டணும். கீழ நட்டைப் பிடிக்க உன் கைதான் உள்ள போகும்."

பின் சீட் கழற்றப்பட்டிருந்தது. போல்ட் போடுவதற்காகக் கழற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். சாக்கை விரித்து, சக்கரத்தின் ஓரமாக மல்லாந்து படுத்து, மட்கார்டுக்கு அடியில் கையை விட்டாள். மேலே அவன் போல்ட்டைத் திருக, கீழே அவள் நட்டை ஸ்பேனரால் கெட்டியாகப் பிடிக்க வேண்டும்.

"நாலும் இறுகணும். ஒண்ணு விட்டா ஆட்டத்துல மத்த மூணும் தானா கழண்டுக்கும்" என்றான் அவன்.

மூன்று இறுகின. நான்காவது நட்டு விரலிலிருந்து நழுவி உருண்டது. வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். அவள் உட்கார வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெட்டி, வீட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, நான் எங்க உக்கார்றது?"

"ஏன், பெட்டிக்குள்ள உக்காரேன்."

கதவில் சாய்ந்திருந்த நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். "அண்ணா, அண்ணிக்குப் பெட்டி பத்தாதுண்ணா. லாரிதான் பாக்கணும்."

"வெளையாடாதீங்க. நான் லீவு சொல்லிட்டேன்."

"வீட்டைப் பெருக்க லீவு வேணும்ல? இந்தா பாரு, கூட வர்ற கூட்டாளிங்க யாரும் பொண்டாட்டியக் கூட்டிட்டு வரல. நான் மட்டும் மூட்டையப் பின்னால வச்சுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? உன் இடுப்புக்கு நடுவழியில ஒத்தடம் குடுக்கவா நான் வரேன்?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. பை தைக்கிற வேலை பாதியில நின்னிருக்கும்."

ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னான். கெட்ட எண்ணத்தோடு சொல்வது போலக்கூட இல்லை. கடையில் விலை சொல்வது போலச் சொன்னான். மனிதன் மனிதனை அறுக்கும்போது பெரும்பாலும் குரலை உயர்த்துவதே இல்லை.

பேச்சுவாக்கில் கணக்கை விட்டவன், "நாலும் போட்டாச்சில்ல?" என்று கையைத் துடைத்தபடி கேட்டான்.

"ம்" என்றாள்.

அந்த 'ம்' தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நட்டு உள்ளங்கையில் இருந்தது. வீட்டுக்குள் வந்தபோது நாத்தனார் டிவி முன்னால் உட்கார்ந்து, பின் சீட்டைக் கால்மணையாகப் போட்டு அதன் மேல் இரண்டு குதிகாலையும் வைத்திருந்தாள்.

விடிந்ததும் வழக்கம் போல் கடவுளை நினைத்துக் கைகூப்பினாள். 'இவர் நல்லபடியாகப் போய் வர வேண்டும்' என்று ஆரம்பித்த வேண்டுதல் பாதியிலேயே நின்றது. முந்தானை முடிச்சில் நட்டு கனத்தது. கூப்பிய கையைப் பிரித்துவிட்டு எழுந்துபோய், அவன் சொன்னபடி செயினுக்கு கிரீஸ் போட்டாள்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. கூட்டாளி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், வந்து நின்றான். அவன் பின்னால் அவன் மனைவி, தலையில் புது ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"பைலட்டு, ரெடியா? நீ முன்னால போ, நான் உன் பின்னாலயே வரேன்."

அவன் மனைவி ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "அக்கா, நீங்க கிளம்பலயா? நீங்க இருக்கீங்கன்னுதான் நானும் வரேன்னேன்."

"அவளா?" பைலட் முந்திக்கொண்டான். "இடுப்பு வலியாம். நான் எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன், வரமாட்டேன்னுட்டா."

அவள் முந்தானை முடிச்சைத் தொட்டாள். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், சாலையில் எகிறி விழும் கறுப்புப் பெட்டியை மனதில் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கடைக்காரன் மனைவி இறங்கி அருகே வந்தாள். முகத்தைப் பார்த்தாள், கிரீஸ் அப்பிய விரல்களைப் பார்த்தாள். தன் புதுக் கைக்குட்டையை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். குழந்தைக்குத் துடைப்பது போல, நகக்கண் வரைக்கும்.

"அழுக்காயிடும்மா."

"ஆகட்டும்க்கா. துவைச்சா போயிடும்."

பெட்டி கழன்று விழுந்தால் பின்னால் வரும் சக்கரத்தில்தான் விழும். அந்தச் சக்கரத்துக்கு மேல்தான் இந்தக் கைக்குட்டைக்காரி உட்கார்ந்து போவாள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"நில்லுங்க. ஒரு நட்டு பாக்கி இருக்கு" என்றாள்.

"என்னது? நேத்து போட்டாச்சுன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

பைலட் கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாத்தியா? நட்டு கழண்டது வண்டிக்கு இல்ல, இவளுக்குத்தான்." கடைக்காரன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

இந்த முறை சாக்கு விரிக்க அவள் நிற்கவில்லை. வெறும் தரையில் மல்லாந்து படுத்தாள். இடுப்பில் சுரீர் என்றது. துடைத்த விரல்களை மறுபடி கிரீஸுக்குள் விட்டு, நட்டைப் பொருத்தி, மேலே அவன் திருகத் திருகக் கீழே பிடித்துக்கொண்டாள்.

"போதும்" என்றான்.

"இன்னும் ஒரு சுத்து" என்றாள்.

தன் இடத்தில் அந்தப் பெட்டி இனி அசையாது என்று தெரிந்த பிறகுதான் வெளியே வந்தாள். கடவுள் மட்கார்டுக்கு அடியிலும் பார்க்கிறார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பார்த்திருந்தால் எல்லாவற்றையும்தான் பார்த்திருப்பார்.

"மத்தியானத்துக்குள்ள வாசல்ல வண்டி ஷெட்டைக் கழுவி வை" என்று சொல்லிவிட்டு பைலட் கிளம்பினான். திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டைக்காரி மட்டும் தெருமுனை திரும்பும் வரை கழுத்தை வளைத்துக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

உள்ளே நாத்தனார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணி, டீ" என்றாள்.

அவள் குனிந்து சீட்டைப் பிடித்து இழுத்தாள். நாத்தனாரின் கால்கள் தரையில் தொப்பென்று விழுந்தன.

"ஏய் அண்ணி!"

பதில் சொல்லாமல் சீட்டை வாசலுக்குத் தூக்கி வந்தாள். குதிகால் தடத்தைக் கையால் தட்டிவிட்டு, ஷெட்டில் எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தாள். எதிரே சுவர். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பள்ளம் சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. இடுப்பு கொஞ்சமும் வலிக்கவில்லை.